நான் மோந்து சொன்ன தேயிலை

தேத்தண்ணிக்குள் பூப் போடுகிறவர்களை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. தேத்தண்ணி என்றால் சாயம் இருக்க வேண்டும், சூடு இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் ஒரு துண்டு இஞ்சி. அதற்குள் ஒரேஞ்ச் என்கிற தோடம்பழத்தின் தோலையும் ரோசா இதழையும் போட்டு, எங்கேயோ இருக்கிற ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி பின்னேரத்தில் குடிப்பதற்கென்று தகர டப்பாவில் அடைத்து அனுப்புகிற வேலையைத்தான் என் மனைவி இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்கிறாள். "உம்மட கம்பனி தேத்தண்ணி விக்குதோ, பூமாலை விக்குதோ?" என்று கேட்பேன். "உங்களுக்கு ரெண்டும் தேவையில்லை, நீங்கள் சுடுதண்ணியைக் குடியுங்கோ" என்பாள். எங்கள் வீட்டில் காலை இப்படித்தான் விடியும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கர். காணி உறுதி எழுதுவது என் தொழில். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே வாய்க்கால், தெற்கே ஒழுங்கை, மேற்கே கோயில் மதில் என்று நாள் முழுக்க எல்லை போட்டுக்கொண்டிருப்பேன். அவள் ஒருகொடவத்தையில், கொன்டெய்னர் முற்றங்களுக்குப் பின்னால் இருக்கிற ஒரு தேயிலைக் கம்பனியில் கலவை பார்க்கிறவள். எந்தத் தோட்டத்துத் தேயிலையோடு எதைச் சேர்ப்பது, அதற்கு எந்தப் பழத்து எண்ணெயில் எத்தனை துளி தெளிப்பது, எந்தப் பூவை எப்போது போடுவது என்று முடிவெடுப்பது அவள். அவள் மோந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பெட்டி கப்பலேறும்.

அந்த வேலைக்குப் போகிறவர்கள் பவுடர் பூசக்கூடாது. வாசச் சவர்க்காரம் கூடாது. தலையில் பூ வைக்கக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டை வேறு கட்டடத்தில் வைத்துத்தான் திறக்க வேண்டும். தேயிலை அப்படிப்பட்ட சாமான், பாருங்கோ. பக்கத்தில் என்ன இருந்தாலும் சத்தம் போடாமல் இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். இதை அவள் எனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறாள். நூறு தரமும் நான் பேப்பர் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டியிருக்கிறேன்.

எல்லா வீட்டுக்கும் வந்த கொரோனாக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. எனக்கு மணம் போய், ஒரு கிழமையில் திரும்பிவிட்டது. அவளும் எழும்பி வேலைக்குப் போனாள், நான் வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் குசினியில் நெத்தலிக் கருவாடு பொரித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு முன் அறையில் கருகல் மணம் வந்தது. பிறகு புகையே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்புக்கு முன்னாலேயே நின்றுகொண்டு யன்னலால் வெளியே பார்க்கிறாள். சட்டிக்குள் நெத்தலி கரியாய்க் கிடக்கிறது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! "உமக்கென்ன மூக்கு இல்லையே?" என்று கத்தினேன்.

அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினாள். "ஓம், இல்லை" என்றாள்.

"எப்ப இருந்து?"

"காய்ச்சலோட போனது. திரும்பி வரேல்லை."

நான் அப்படியே குசினி வாசலில் குந்திவிட்டேன். மூன்று மாதமாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள். எனக்கும் சொல்லவில்லை, கம்பனியிலும் சொல்லவில்லை. ஒரு வைத்தியரிடம் தனியாகப் போயிருக்கிறாள். வரும், வராமலும் விடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பழைய கலவைகளுக்கெல்லாம் அளவு எழுதி வைத்திருந்ததால் அதைப் பார்த்துச் சமாளித்திருக்கிறாள். சாயத்தின் பிடிப்பும் துவர்ப்பும் நாக்குக்குத் தெரியும், மூக்கு தேவையில்லையாம். "மற்றதுக்கு, மோந்து பாக்கிற மாதிரி நடிக்கிறன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு கிழமை கழித்து இன்னொன்றும் சொன்னாள். வெளிநாட்டு வாங்குநர் ஒருவர் புதிதாக ஒரு தேயிலை கேட்கிறார். தோடம்பழமும் பூவும் சேர்ந்து மணக்க வேண்டும், ஆனால் குடித்தால் முதலில் தேயிலைதான் தெரிய வேண்டும். கம்பனியில் இதை அவளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். இதற்குப் பழைய அளவு ஒன்றும் இல்லை, வெறும் மூக்குத்தான் வேண்டும். பிழை விட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

"வந்தா வரட்டுமன். சொல்லிப்போட்டு லீவு எடும்" என்றேன்.

"சொன்னா அடுத்த நாள் அந்தக் கதிரையில வேற ஆள் இருக்கும். அந்தக் கதிரை இல்லாட்டி நான் ஆரப்பா?" என்றாள். பிறகு என் முகத்தை நேரே பார்த்து, "உங்கட மூக்கைத் தாங்கோ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மூக்கு புதுக்கடைக் கடைகளில் பராட்டா மணமும் கோட்டு மண்டபத்துப் பழைய கோப்பு மணமும் பழகிய மூக்கு. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் அமைதியாக இருந்து செய்து பார்க்கிறேன் என்று கம்பனியில் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களைக் கொண்டுவந்தாள். மலைநாட்டுக் கறுத்த தேயிலை, காய்ந்த தோடம்பழத் தோல், ரோசா இதழ், பேர்கமொட் என்கிற ஒரு வெளிநாட்டு எலுமிச்சை வகையின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பியில். கூடவே ஒரு நீலப் பூ. அதற்கு மணமே இல்லை, சும்மா கண்ணுக்கு அழகு. விடியற்காலையில், வாயில் ஒன்றும் படுவதற்கு முன், சாப்பாட்டு மேசையில் வெள்ளைக் கோப்பைகளை அடுக்கி ஊற்றுவாள். முதல் ரயில் கடற்கரையால் போகும்போது கோப்பைகள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடும். அது நின்ற பிறகுதான் நான் குனிந்து மோக்க வேண்டும்.

முதல் நாள் நான் மோந்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றேன்.

"நல்லாயிருக்கு எண்டு ஒரு மணம் இல்லை. என்ன மணக்குது?"

"வாசமாயிருக்கு."

"கடவுளே! உறுதி எழுதுறவர் தானே நீங்கள்? ஒரு காணியைப் பார்த்து, நல்ல காணி எண்டு மட்டும் எழுதிப்போட்டு வருவீங்களே?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. சரி, அப்படியென்றால் எல்லையே போடுகிறேன் என்று திரும்பவும் குனிந்தேன். "வடக்கே தோடம்பழம், ஆனா பழம் இல்லை, உரிக்கேக்க கண்ணுக்குள்ள தெறிக்குமே, அந்தத் தோல். கிழக்கே தரை கழுவுற மருந்து. தெற்கே ஒண்டும் இல்லை, வெறுங்காணி. ரோசா உள்ளுக்கே வரேல்லை. கலியாண வீட்டு வாசலில பன்னீர்ச் செம்போட நிக்கிற பிள்ளை மாதிரி வெளியிலேயே நிக்குது." கோபத்தில் சொன்னதுதான், கடவுளாணை. அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு கொப்பியை இழுத்துக் கடகடவென்று எழுதினாள்.

"எண்ணெய் கூடிப்போச்சு, அதுதான் தரை கழுவுற மருந்து. ரோசாவைக் கடைசியில போட்டது பிழை. எண்ணெய்க்கு முதல் தேயிலையோட சேர்த்து மூடி வைக்கவேணும்." இரண்டு நாள் கழித்து அதே கோப்பை திரும்ப வந்தது. நான் மோந்தேன். தரை கழுவுகிற மருந்து போய்விட்டிருந்தது. பிள்ளை செம்பை வைத்துவிட்டு உள்ளே வந்து பந்தியில் இருந்தது.

அம்மாடி! எனக்கு மயிர் கூச்செறிந்தது. நான் சொன்னது ஒரு விசர்க் கதை. அந்தக் கதையைக் கேட்டு, ஒரு மணமும் தெரியாத ஒருத்தி, என் மூக்குக்குள் இருந்ததைத் திருத்தி வைத்துவிட்டாள். எத்தனை துளி குறைத்தாள் என்று கேட்டேன். இரண்டு என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மணம் போனது மூக்கில இருந்துதானே, மண்டைக்குள்ள இருந்து இல்லையே" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு காலையும் தப்பவிடவில்லை. அவள் கரண்டியில் எடுத்து, சர்ரென்று வீடு அதிர உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, சிங்க்கில் துப்புவாள். கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப சொல்லுங்கோ" என்பாள். தெற்கே வெறுங்காணி என்றால் தேயிலையை மாற்றுவாள். மேற்கே வெய்யிலில் காய்ந்த துணி என்றால் தோலைக் கூட்டுவாள். ஒருநாள் வேண்டுமென்றே கோப்பைகளை இடம் மாற்றி வைத்தேன். உறிஞ்சியவுடனே, "ஐயாவுக்குக் கை சும்மா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் பழையபடி அடுக்கினாள். கூட வாழ்கிற மனுஷி யார் என்று தெரியாமலே இத்தனை வருஷம் பூமாலைக் கதை கதைத்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு இஞ்சித் தேத்தண்ணியை விட்டுவிட்டு அவளுடைய கோப்பையைக் குடித்தேன். முதலில் தேயிலை நாக்கைப் பிடித்தது. விழுங்கிய பிறகுதான் தோடம்பழம் மேலே வந்தது. எல்லாம் முடிந்து, மூச்சு விடும்போது பூ. மூன்றும் வரிசையாக வந்ததை நான் சும்மா சொல்லவில்லை.

அடுத்த நாலைந்து மாதத்தில் ஆறு மாதிரிகள் கம்பனிக்குப் போயின. ஆறையும் பார்த்துத் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் இப்படி, இன்னும் கொஞ்சம் அப்படி என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழாவதுதான் கடைசி, அதுதான் வாங்குநருக்குப் போக வேண்டியது. வெள்ளிக்கிழமை காலை நான் மோந்து, "எல்லை சரி, இனிக் கையெழுத்துப் போடலாம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினாள். எண்ணெய் ஈரம் உலர வேண்டும் என்று தேயிலையைக் கடதாசியில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பின்னேரம் வந்து குளித்துக் கோயிலுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பிராணி காட்டுவது நான். தணலைத் தட்டில் எடுத்து, தூளைப் போட்டு, சாமிப் படங்களில் தொடங்கி ஒவ்வொரு அறையாகப் போவேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் நின்றேன். அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. இந்தத் தேயிலை போய்ச் சேர வேண்டும், இவளுடைய கதிரை இவளுக்கே இருக்க வேண்டும் என்று நினைத்து, மேசையைச் சுற்றி மூன்று தரம் காட்டினேன். போதாதென்று இன்னும் ஒரு பிடி தூள் போட்டுத் துணிக்குப் பக்கத்திலேயே தட்டைக் கொஞ்ச நேரம் வைத்தேன். நூறு தரம் சொல்லியிருக்கிறாளே என்று நீங்கள் கேட்பீர்கள். பவுடர் தெரியும், சவர்க்காரம் தெரியும், கருவாடு தெரியும். சாம்பிராணி ஒரு மணம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அது எனக்கு வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான்.

கோயிலால் வந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலை அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள்.

திங்கட்கிழமை பதினொரு மணி இருக்கும். புதுக்கடையில் ஒரு உறுதியின் நடுவில் இருக்கிறேன், போன் அடித்தது. அவள்தான். "வெள்ளிக்கிழமை மேசைக்குச் சாம்பிராணி காட்டினனீங்களே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"சேர் உங்களை ஒருக்கா வரச் சொல்லுறார்."

நடந்ததைப் பிறகு சொன்னாள். அவள் சேர் என்று சொல்வது கம்பனியின் பெரியவரை, அவர் ஒரு சிங்கள மனுஷன், நல்லவர், அதிகம் கதைக்கமாட்டார். டப்பாவைத் திறந்து மோந்திருக்கிறார். அதை இவள் பக்கம் தள்ளி, "மேக்க பலன்ன" என்றிருக்கிறார், இதைப் பாருங்கள் என்று. இவள் குனிந்து, வழக்கம்போல மூச்சை இழுத்து, "சரிதானே சேர்" என்றிருக்கிறாள். அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். மூக்குள்ள எவருக்கும் அது கோயில் மூலஸ்தானம். அந்த ஒரு சொல்லில் எட்டு மாதத்துப் பொய் முடிந்தது. சாம்பிராணி மணக்கிறது என்று அவர் சொல்ல, மூக்கு போன கதையை அவளே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

முச்சக்கர வண்டி பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் லொறிகள் வழி விடாது, அன்றைக்கு ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திட்டினேன். திட்டு லொறிக்கல்ல, எனக்குத்தான். போய்ச் சேர்ந்தால், பெரிய யன்னல் வைத்த வெள்ளை அறை, நீள மேசை, அதில் வரிசையாகக் கோப்பைகள். அவள் ஒரு மூலையில் நின்றாள், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லையாம். நான் வாயைத் திறந்து, "சேர், பிழை முழுக்க என்னுடையது" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல் ஆறும் சரியாக இருந்தன. அதை யார் மோந்தது?"

"நான்தான்."

"நீங்கள் என்ன வேலை?"

"நொத்தாரிசு கிளாக்கர், சேர்."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கியது கேட்டது. பெரியவர் சிரிக்கவில்லை. தானே நாலு கோப்பை ஊற்றி என் முன்னால் வைத்தார். "அவவுக்குச் சொல்லுகிற மாதிரியே சொல்லுங்கள்."

சொன்னேன். வடக்கே இது, கிழக்கே இது என்று, நாக்கு உலர்ந்து, வேர்த்து ஒழுகச் சொன்னேன். மூலையில் நின்றபடியே அவள் என் தமிழைக் கேட்டு, ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் என்ன இருக்கிறது, எது கூட, எது குறைவு என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னாள். அவர் கையில் இருந்த துண்டுக் கடதாசியைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். மூன்று சரி. நாலாவதில் நான் எவ்வளவு இழுத்தும் ஒன்றும் வரவில்லை. "இது வெறும் தேத்தண்ணி, சேர். மணம் ஒண்டும் இல்லை" என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் முதல் தடவையாக மூலையை விட்டு வந்தாள். கரண்டியில் எடுத்தாள், உறிஞ்சினாள், உருட்டினாள், துப்பினாள். திரும்பவும் ஒருதரம். "இவருக்குப் பிழைச்சுப்போச்சு" என்றாள். "இதில பேர்கமொட் எண்ணெய் இருக்கு. துளி கூட இல்லை, துளியில பாதி. மணக்காது. நாக்கு நுனியில மட்டும் கடிக்குது."

பெரியவர் கடதாசியை மேசையில் வைத்தார். அதில் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் வாசித்தேன். எழும்பி, தன்னுடைய கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த மனுஷனுக்கும் என்னைப் போலவே மயிர் கூச்செறிந்திருக்க வேண்டும், கையைத் தடவிக்கொண்டு நின்றார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்காக அவர் அவளைச் சும்மா விடவில்லை. எட்டு மாதம் மறைத்ததற்கு நல்லாய்த் திட்டினார். ஒரு கெட்ட பெட்டி கப்பலேறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். அவள் ஓம் சேர், ஓம் சேர் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு முடிவைச் சொன்னார். ஏழாவது கலவையை அதே அளவில் திரும்பச் செய்ய வேண்டும், இங்கேயே. மூக்குக்கு அந்த அறையில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கலவை அவளுடையதுதான், கதிரையும் அவளுடையதுதான். என்னைப் பார்த்து, "நீங்கள் உறுதி எழுதப் போங்கள்" என்றார்.

மிச்ச நாளுக்கு அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வாசலுக்கு வெளியே, மதிலோரம் முச்சக்கர வண்டிக்காக நின்றோம். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். "வாரும், எங்கயாவது நல்லாச் சாப்பிடுவம்" என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். பார்த்தால், கண்ணீர் வழிந்து நாடியால் சொட்டுகிறது. காய்ச்சல் வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. நெத்தலி கருகிய அன்றைக்குக்கூட அழவில்லை.

"இப்ப என்னத்துக்கு? எல்லாம் சரிவந்திட்டுதெல்லே?"

"தோடம்பழம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "நினைச்சா வரும். ரோசா வரும், கடல் வரும். மழை பெய்த தார் ரோட்டும் வரும். எல்லாம் ஒவ்வொரு நாளும் கவனிச்சு மோந்ததுகள். உங்கட மணம் மட்டும் வருகுதில்லையப்பா. எப்பவும் பக்கத்தில இருந்ததால நான் அதைக் கவனிக்கேல்லை. எட்டு மாசமா, பக்கத்தில படுத்துக்கொண்டு தேடுறன். வருகுதில்லை."

ஒரு லொறி எங்களை உரசுவதுபோலப் போனது. அவள் என் சேட்டுக் கையைப் பிடித்தாள்.

"அவ்வளவு கோப்பைக்கும் சொன்னனீங்கள்தானே. இதையும் சொல்லுங்கோ. உங்கட மணம் என்ன மாதிரி?"

நான் சேட்டுக் கொலரை இழுத்து மோந்து பார்த்தேன். தோளைத் திருப்பி மோந்தேன், உள்ளங்கையை மோந்தேன். எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்துக்கொண்டு நின்றாள்.